துப்பாக்கித் தாழ்ப்பாளை வளைத்த நாள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். அதிலும் கடைசி வருஷம் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்பு வாசலில் நின்றதுதான். இப்போது மறதி வேறு சேர்ந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டே கண்ணாடியைத் தேடுகிற ஆள் நான். அதனால் சொல்வது முன்னே பின்னே ஆனால் கோபித்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற மாதிரி நினைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் எங்கள் ஜெலாப்பாங் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில், சாய்ந்துபோன இரும்புக் கேட்டைச் சரிபண்ண ஒருவர் வந்தார். கேட்டுக் கீலைக் காஸ் நெருப்பால் காய்ச்சி, தட்டி நிமிர்த்தினார். சுற்றியிருந்த சாயம் பொரிந்துவிடக் கூடாது என்று ஈரச் சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார். நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். ஈரச் சாக்கின் ஓரம் கருகுகிற வாசனை வந்தது. அதில் புகையும் உண்டு, ஆவியும் உண்டு, அந்தக் காஸின் பூண்டு நாற்றமும் கொஞ்சம் உண்டு. என் வலது கை விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன. மகளுடைய பாஜுச் சட்டை கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் நின்றேன்.

“என்னம்மா, அந்த நெருப்பயே பாத்துக்கிட்டு நிக்கிற? கண்ணு கெட்டுரும்லா,” என்றாள் மகள்.

ஒரு கண் கெட்டுப்போகாமல் இருந்ததைப் பற்றித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எழுபதுகளின் நடுவில் நாங்கள் சித்தியவான் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். ரப்பர் மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்ட காலம். மரம் சாய்ந்தால் அதை நம்பியிருந்த ஆளுக்கும் வேலை போய்விடும். நான் வேலை பார்த்த ரப்பர் ஸ்டோரை மூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரருக்கு மட்டும் வேலை இருந்தது. அவர் தோட்டத்துத் துப்பாக்கிக்காரர்.

அதென்ன வேலை என்று கேட்பீர்கள். செம்பனைக் கன்றின் குருத்து இனிப்பாக இருக்குமாம். காட்டுப் பன்றிகள் கூட்டமாக வந்து, நட்ட கன்றுகளை வரிசையாகச் சாய்த்துக் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். காலையில் பார்த்தால் யாரோ கோபத்தில் பிடுங்கி எறிந்த மாதிரி கிடக்கும். அவற்றைச் சுடுவதற்குத் தோட்டத்தின் துப்பாக்கி ஒன்று ஆபீஸ் இரும்பு அலமாரியில் பூட்டியிருக்கும். போலீஸ் கொடுத்த பெர்மிட்டில் என் வீட்டுக்காரர் பேரும் இருந்தது. அவர் வெள்ளைக்காரர் ஆண்ட அவசரகாலத்தில் ஊர்க்காவலில் நின்று துப்பாக்கி பிடிக்கப் பழகியவர். என்னைவிட ரொம்ப மூத்தவர். சுட்ட பன்றியை வாங்கிக்கொண்டு போகச் சீனர் ஒருவர் லாரி கொண்டுவருவார். ஒரு தொடை மட்டும் நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்கு. அன்றைக்கு எல்லா வீட்டு அடுப்பிலும் மிளகு வறுபடும்.

பிறகு அவருக்கு வெள்ளெழுத்து வந்தது. துப்பாக்கியின் முனையில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும், கண்ணுக்குக் கிட்டத்தில் ஒரு பிளவு இருக்கும். இரண்டையும் பன்றியோடு ஒரே நேரில் வைத்துப் பார்த்தால்தான் குறி விழும்.

“பன்னி நல்லாத்தான் தெரியுது புள்ள. துப்பாக்கிதான் தெரிய மாட்டேங்குது,” என்பார்.

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் வாரக்கணக்கில் லயத்தில் மிளகு வாசனை இல்லை. கன்றுகள் சாய்ந்துகொண்டே வந்தன. பினாங்கிலிருந்து வந்திருந்த புது மனேஜர் இள வயசுக்காரர், நம் ஆள்தான், கத்துகிறவர் இல்லை. அவர் ஒரு நாள் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தி, இறங்கி வந்து சொன்னார்.

“அண்ணே, கம்பெனி வெளியாள வைக்கச் சொல்லுது. நான் கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லியிருக்கேன். வர்றவனுக்கு வீடு வேணும்லா. இந்த வீட்டத்தான் கொடுக்கச் சொல்வாங்க.”

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து எத்தனை லயம் மாறியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. அப்பாவோடு மாறினேன், கல்யாணமாகியும் மாறினேன். ஒவ்வொரு தடவையும் அம்மியைத் தூக்குவதா விடுவதா என்ற பேச்சில்தான் சண்டை ஆரம்பிக்கும். இந்த வீட்டுக்குப் பின்னால் வேலி கட்டிக் கத்தரி போட்டிருந்தேன். பெரியவளும் சின்னவளும் நடந்தே பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். இனி மூட்டை கட்டுவதில்லை என்று அந்தக் கதவுக்குப் பின்னாலேயே முடிவுபண்ணினேன். யாரிடமும் சொல்லவில்லை. நான் எதையும் யாரிடமும் சொல்கிற ஆள் இல்லை. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடப் பேசாமல் வந்துவிடுவேன். ஆனால் முடிவு முடிவுதான்.

முன்னால் இருந்த மனேஜர் மேசைக்குள் விட்டுப்போன ஒரு குழாய்க் கண்ணாடி ஆபீஸில் கிடந்தது. ஸ்கோப்பு என்பார்கள். துப்பாக்கிக்கு மேலே பொருத்தி அதன் வழியே பார்த்தால் பன்றி பக்கத்தில் வந்து நிற்கும். குமிழும் வேண்டாம், பிளவும் வேண்டாம். வெள்ளெழுத்துக் கண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். ஈப்போவில் லைசென்ஸ் வைத்துத் துப்பாக்கி பழுது பார்க்கிற சீனர் கடை ஒன்று இருந்தது. மனேஜர் அங்கே கொண்டுபோய் அதைப் பொருத்தி வந்தார்.

அங்கேதான் சிக்கல். அந்தத் துப்பாக்கியில் பக்கவாட்டில் ஒரு இரும்புத் தாழ்ப்பாள் உண்டு. கதவுத் தாழ்ப்பாளைப் போலவேதான்: பிடியை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டா வெளியே விழும், முன்னால் தள்ளிக் கீழே அமுக்கினால் புதுத் தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். பழைய பட்டாளத்துத் துப்பாக்கி என்பதால் அந்தப் பிடி நேராக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே ஸ்கோப்பு உட்கார்ந்த பிறகு, பிடியைத் தூக்கினால் அதன் வயிற்றில் போய் முட்டியது. முட்டாமலிருக்க ஸ்கோப்புக்கு உயரமான கால் போட்டுப் பார்த்தார்கள். அப்போது கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்க்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் கழுத்தை நீட்டிக்கொண்டு சுட்டார். பன்றி நின்று திரும்பிப் பார்த்துவிட்டுப் போனதாம்.

பிடியைத்தான் வளைக்க வேண்டும் என்று ஆனது. மனேஜர் லேண்ட்ரோவரில் துப்பாக்கியோடு இவரையும் கூட்டிக்கொண்டு ஈப்போவுக்குக் கிளம்பினார். நான் சேலை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன்.

“நீ எங்க? அங்க சேலக் கடை இல்ல.”

“நானும் வாரேன்.”

“வந்து என்ன செய்யப் போற?”

“வாரேன்னா வாரேன்.”

ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வீட்டைப் பற்றி எங்கேயோ யாரோ முடிவுபண்ணும்போது நான் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது, அவ்வளவுதான்.

கடையின் முன்பக்கம் தூண்டில் கம்பும் மீன் வலையும் விற்பார்கள். பின்பக்கம்தான் பட்டறை. மனேஜர் எங்களை அங்கே விட்டுவிட்டு பேங்குக்குப் போய்விட்டார். பொழுது சாய்வதற்குள் துப்பாக்கி ஆபீஸ் அலமாரிக்குள் இருக்க வேண்டும், அதனால் தேநீர் வேளைக்கு வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

கடைக்காரரை நாங்கள் சீன முதலாளிகளைக் கூப்பிடுகிற மாதிரி தவுக்கே என்றுதான் கூப்பிட்டோம். ஒரு தோட்டத்து முச்சந்தியில் வளர்ந்தவராம், தமிழ் நம்மைப் போலவே பேசுவார். தாழ்ப்பாளைத் தனியாகக் கழற்றி, உள்ளே இருந்த சுருள்கம்பியை எடுத்து வைத்துவிட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வளைக்கலாம். ஆனா நான் வளைக்க மாட்டேன்.”

“ஏன் தவுக்கே?”

“முன்னால பாரு, ரெண்டு காது மாதிரி இருக்குல்ல. வெடிக்கிறப்ப வர்ற அடியெல்லாம் இது ரெண்டுதான் தாங்குது. பிடியக் காய்ச்சுற சூடு இங்க வந்துச்சுன்னா காது மெத்துனு ஆயிடும். பாத்தா தெரியாது. ஒரு நாள் நீ சுடுவ. பன்னிக்கு ஒண்ணும் ஆவாது. இந்த இரும்பு பின்னால வந்து உன் கண்ணுக்குள்ள போவும்.”

நான் என் வீட்டுக்காரர் முழங்கையைத் தொட்டு, “வேற வழி இருக்கான்னு கேளுங்க,” என்றேன்.

தவுக்கேக்குக் காது நன்றாகக் கேட்கும். “வழி இருக்கு. ஆளுதான் இல்ல. ஈரத் துணி சுத்திக் காய்ச்சணும். ஒருத்தர் காது மேல வெரல வச்சிக்கிட்டே இருக்கணும். வெரலுக்குச் சுடுற வரைக்கும் இரும்புக்கு ஒண்ணும் ஆவாது. சுட்டுச்சுன்னா நிறுத்தணும். என்கிட்ட இருந்த ஆளு கமுந்திங் ஊர்ல வேல கெடச்சுப் போயிட்டான். எனக்குத் தீயப் பாக்கவே ரெண்டு கண்ணும் வேணும்.”

இவர் கையை நீட்டினார். தவுக்கே அந்த உள்ளங்கையைத் தட்டிப் பார்த்தார்.

“இது கையா, லாரி டயரா? இது கருகுற வரைக்கும் உனக்குத் தெரியாது.”

தவுக்கேயின் மனைவி அதற்குள் எங்களுக்குக் கோப்பி கொண்டுவந்து வைத்திருந்தார். நான் கிளாஸைச் சேலை முந்தானையால் சுற்றிப் பிடித்திருந்தேன். எனக்கு அது பழக்கம். ரப்பர் ஸ்டோரில் பாலை உறைய வைக்க அசிட் ஊற்றிக் கலக்குவது என் வேலை. கையுறை யார் கொடுத்தார்கள். வருஷக்கணக்கில் அசிட் பட்டு, என் விரல் நுனித் தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆகிவிட்டது. ஆறிப்போன சோறுகூட எனக்குச் சுடும். சின்னவள், “அம்மா கையில வெயில் பட்டாலும் கத்துவாங்க,” என்று கேலி செய்வாள். நான் எங்கே கத்தினேன், முகத்தைச் சுளிப்பேன், அவ்வளவுதான்.

தவுக்கே என் கிளாஸைத் தொட்டுப் பார்த்தார். ஆறிக்கிடந்தது.

“தங்கச்சி, இது சூடா?”

தலையாட்டினேன்.

“போலே, முடியும். உன் வெரலத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்.”

“ஐயோ தவுக்கே, அவ வாயே தெறக்க மாட்டா,” என்றார் என் வீட்டுக்காரர். “வெந்து போனாலும் சும்மா நிப்பா.”

தவுக்கே ஒரு காலி பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். “வாய் வேணாம். சுட்டா இத ஒதை.”

தாழ்ப்பாளை இடுக்கிப் பட்டறையில் இறுக்கினார். நடு உடம்பில் ஈரச் சாக்கைச் சுற்றினார். இவர் கையில் தண்ணீர்க் குவளை. பிடியின் அடியில் நெருப்பைக் காட்டினார். நான் அந்தக் காதுகள் மேல் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நின்றேன். இரும்பு குளுகுளு என்றுதான் இருந்தது. பிடியின் வேர் மட்டும் மெல்ல மெல்லச் சிவந்தது. அப்போதுதான் சாக்கு ஓரம் கருகி அந்த வாசனை வந்தது. கொஞ்சம் வெதுவெதுப்பு வந்ததும் டின்னை உதைத்துவிட்டேன். தவுக்கே நெருப்பை விலக்கி, காதைத் தொட்டுப் பார்த்தார்.

“இது சூடா? இதுல புள்ளையக் குளிப்பாட்டலாம்.”

இருந்தாலும் தண்ணீர் ஊற்றி ஆறவைத்துத்தான் மறுபடி தொடங்கினார். காய்ச்சுவது, செம்புச் சுத்தியலால் பிடியைக் கீழே தட்டுவது, நான் உதைப்பது, ஆறவைப்பது. பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தலை குனிந்தது. என் உதையில் அந்த டின் நசுங்கி உருண்டுகொண்டே போனது. இவர் ஒவ்வொரு தடவையும் எடுத்துவந்து வைப்பார். வைத்துவிட்டு, “கழுத கெட்டுச்சு, என்னா ஒத,” என்று முனகுவார்.

மனேஜர் வந்துவிட்டார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்தார்.

“இன்னும் முடியலையா?”

“இன்னும் ஒரு தட்டு,” என்றார் தவுக்கே. “பின்னால கொஞ்சம் சாயணும்.”

நெருப்பு பிடித்தது. வெளியே லாரி ஒன்று நின்று உறுமிக்கொண்டிருந்தது. விரலில் சூடு ஏறியது. இந்தத் தடவை வெதுவெதுப்பு இல்லை, ஊசி குத்துகிற சூடு. காலால் டின்னைத் துழாவினேன். டின் மனேஜரின் சப்பாத்துக்கு அடியில் கிடந்தது. அவர் அதன் மேல் காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார். மனேஜர் காலை நான் உதைப்பதா. இவரைப் பார்த்தேன். அவருக்கு என் முகம் புரிந்துவிட்டது.

“கொஞ்சம் பொறுத்துக்கோ புள்ள. முடியப் போவுது.”

“ஆமாக்கா, இன்னும் ஒரு நிமிஷந்தானே,” என்றார் மனேஜர்.

“நான் பொறுத்துக்குவேன். உங்க கண்ணு பொறுக்காது,” என்றேன். என் குரல் இவ்வளவு பெரிசாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. “போதும் தவுக்கே. தீய எடுங்க.”

தவுக்கே அந்த நொடியே எடுத்தார். குவளையைப் பிடுங்கி அவரே தண்ணீரைக் கொட்டினார். காதைத் தொட்டு, விரலை உதறிக்கொண்டார்.

மனேஜர் எழுந்து நின்றுவிட்டார். “வேகமா முடிக்க முடியாதா தவுக்கே?”

“என்கிட்ட கேக்காதீங்க. இன்னிக்கு இந்தக் கடைக்குத் தவுக்கே இந்தத் தங்கச்சி.”

நன்றாக ஆறவைத்துவிட்டு, மறுபடி காய்ச்சிக் கடைசித் தட்டைத் தட்டினார். அதற்குள் மனேஜர் டின்னை எடுத்து என் காலடியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அப்புறம் அரம் போட்டு, பூட்டிப் பார்த்தார்கள். பிடியை மேலே தூக்கினால் ஸ்கோப்பின் வயிற்றுக்குக் கீழே ஓர் அட்டை நுழைகிற இடைவெளி விட்டு நின்றது. கீழே அமுக்கினால் கட்டையில் இடித்த இடத்தில், மரத்தைப் பிறை மாதிரிக் குடைந்து கொடுத்தார். ஸ்கோப்பைத் தாழ்த்தி உட்கார வைத்தார். இவர் கன்னத்தைச் சாய்த்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில், மரம் சாய்த்த வெட்டவெளியில் சுட்டுப் பார்க்கப் போனார்கள். தவுக்கே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்: முதல் வெடியைக் கையில் பிடித்து வெடிக்க வேண்டாம், பழைய டயரில் கட்டி, கயிற்றால் இழுத்து வெடியுங்கள், பிறகு பிடி இறுகிக்கொள்ளாமல் முன்மாதிரியே லேசாகத் திறக்கிறதா பாருங்கள் என்று. நான் விரலில் கொப்புளத்தோடு பின்னாலேயே போனேன். இவர் டயரையும் கட்டவில்லை, கயிற்றையும் எடுக்கவில்லை. நேரே படுத்துவிட்டார்.

“என்னங்க இது?”

“நேத்து நீ வெரல வச்சேல்ல. அந்த எடத்துல என் கண்ண வைக்கிறதுக்கு எனக்கு என்ன பயம்?”

நீங்களே சொல்லுங்கள், கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மனேஜரும் பக்கத்தில் நிற்கிறார். வேறொரு நாளாக இருந்தால் வெட்கத்தில் ஓடியிருப்பேன்.

“வெரலு போனா இன்னும் ஒம்போது இருக்கு. எந்திரிங்க. கயிறு கட்டுங்க.”

“ஊர்ல எல்லாரும் சிரிப்பாங்க புள்ள.”

“சிரிக்கட்டும். கண்ணு போனா அந்த வீட்டுல ஒக்காந்து நான் என்னத்தப் பாக்குறது?”

மனேஜர்தான் லேண்ட்ரோவரிலிருந்து கயிற்றை எடுத்துவந்தார். டயரில் கட்டி, தள்ளி நின்று இழுத்தார்கள். வெடித்தது. இவர் போய்ப் பிடியைத் தூக்கினார். ஒரு விரலால் தூக்கினார், லேசாகத் திறந்தது. மறுபடியும் ஒன்று வெடிக்கச் சொன்னேன். மறுபடியும் திறந்தது. அதற்கப்புறம்தான் அவரைப் படுக்க விட்டேன்.

அந்த வாரமே லயத்தில் மிளகு வறுபட்டது. கொப்புளம் ஆறுகிற வரைக்கும் அவர்தான் எங்கள் வீட்டில் தேங்காய் துருவினார். துருவலில் பாதி ஓடும் சேர்ந்து வந்தது. வெளியாள் வரவில்லை. வீட்டைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

செம்பனை வளர்ந்தால் பன்றியால் ஒன்றும் செய்ய முடியாது. தண்டு தடித்துவிடும், குருத்து எட்டாத உயரத்துக்குப் போய்விடும். எண்பதுகளில் துப்பாக்கிக்கு வேலை இல்லாமல் போய், தோட்டத்தார் அதைப் போலீஸில் ஒப்படைத்துவிட்டார்கள். இவர் ஸ்டோர் காவலுக்கு மாறினார். பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த வீட்டிலிருந்தே படித்து முடித்தார்கள். சின்னவளுக்கு ஜெலாப்பாங் பேக்டரியில் வேலை கிடைத்த பிறகு, நாங்களாக ஆபீஸுக்குப் போய்ச் சாவியைக் கொடுத்தோம். கணக்கெழுதுகிற கிராணி, “ஏன் போறீங்க, இருங்களேன்,” என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்காகவே இவர் இன்னும் கொஞ்ச நேரம் ஆபீஸில் நின்றார் என்று நினைக்கிறேன். அந்தத் தடவை அம்மியைப் பற்றி எங்களுக்குள் சண்டை வரவில்லை.

அவர் கடைசி வரைக்கும் இரண்டு கண்ணும் தெளிவாக இருந்துதான் போனார். ஈப்போக் கடை இருந்த வரிசையில் இப்போது கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். தோட்டத்துச் செம்பனையும் முதிர்ந்து, அதையும் சாய்த்தாகி, இப்போது அங்கே தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வந்துவிட்டது. ரப்பர் ஸ்டோர் இல்லை, ஆபீஸ் இல்லை, லயம் இல்லை. வழியில் போகும்போது மகள் காரை மெதுவாக விட்டாள். எந்த இடத்தில் என்ன இருந்தது என்று எனக்கே பிடிபடவில்லை.

நான் எழுதியதில் பிசகு இருக்கும். கடை எந்தத் தெரு, துப்பாக்கி எந்த நாட்டுச் சாமான், காது இரண்டுதானா மூன்றா என்பதையெல்லாம் விஷயம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள். இன்னொன்றும் உண்டு. எங்கள் வீட்டு நம்பர் எனக்கு மறந்துபோய்விட்டது. பெரியவள் இருபத்தேழு என்கிறாள், சின்னவள் பதினேழு என்கிறாள். போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் கதவும் இல்லை, சுவரும் இல்லை. தண்ணீர்க் குழாய்க்கு எதிர் வரிசை, ஓரத்திலிருந்து இரண்டாவது வீடு. அப்போது அந்த லயத்தில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அது எந்த நம்பர் என்று கொஞ்சம் சொல்லி அனுப்புங்கள்.